வீடா, சேர்க்கையா, பள்ளிக்கூடமா? பையனை ஹாஸ்டலில் போடலாமா என்று யோசிக்கிறேன்

கரிசல்_அப்பா | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கரிசல் கிராமம் எங்களுக்கு. சின்னதாக உரக்கடை வைத்திருக்கிறேன். ஒரே பையன், ஒன்பதாம் வகுப்பு. எட்டு வரை ஊரிலேயே நடுநிலைப் பள்ளி. போன ஜூனில் டவுனில் மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தோம். போக வர பஸ்தான், 14 கிலோமீட்டர்.

எட்டு மாதத்தில் ஆளே மாறிவிட்டான். காதோரம் ஒட்ட வெட்டி மேலே கோழிக்கொண்டை. வலது கையில் இரண்டு நிறத்தில் திரித்த கயிறு. எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தைப் பதில். போன வாரம் கணக்கு நோட்டு வாங்க 120 ரூபாய் வாங்கிப் போனான். நோட்டும் வரவில்லை, ரூபாயும் வரவில்லை. கேட்டால் "தொலைஞ்சிட்டு" என்கிறான், முகத்தைக்கூடப் பார்க்காமல். இதே பையன்தான் முன்பு கடையில் யாருக்காவது மிச்சம் கொடுக்க மறந்தால் காசை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவான்.

எனக்குத் தெரிந்தவரை சேர்க்கை சரியில்லை. பஸ்ஸில் நாலு பேர் ஒரு செட்டாகத் திரிகிறார்கள். நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு ஒரு பள்ளி விசாரித்து வைத்திருக்கிறேன். வீட்டுக்காரி வேண்டாம் என்கிறாள். என் தம்பி, "உடனே கொண்டு போடு, இல்லன்னா கை மீறிரும்" என்கிறான். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

விசில் | ஞாயிறு, இரவு 10.25

அண்ணாச்சி, நான் 19 வருஷமாக கண்டக்டர். உங்கள் பையன் மாதிரி தினமும் எழுபது எண்பது பேரை ஏற்றி இறக்குகிறேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் அம்மாவோடு ஏறுவான். ஜன்னலோரம் உட்கார்ந்து, பாட்டி யாராவது ஏறினால் எழுந்து இடம் விடுவான். திங்கட்கிழமை காலையில் அவனேதான் பின்படியில் ஒற்றைக் காலில் தொங்குவான். பையை உள்ளே உட்கார்ந்திருக்கும் யாராவது அக்கா மடியில் தூக்கிப் போட்டிருப்பான். விசில் கொடுத்து வண்டியை நிறுத்தினால் இறங்கிக்கொள்வான், நகர்ந்ததும் ஓடிவந்து தொத்துவான்.

ஒரு நாள் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் லீவு. படி காலியாகக் கிடந்தது. இவன் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக நின்று வந்தான். "என்னடே, இன்னைக்குத் தொங்கலையா?" என்று கேட்டேன். "யாரு பாக்கா?" என்றான்.

அவ்வளவுதான் விஷயம். பையன் கெட்டுப்போனான் என்று நான் நினைக்கவில்லை.

ராக்கோழி | ஞாயிறு, இரவு 11.50

கண்டக்டர் அண்ணன் பஸ்ஸில் பார்த்ததை அமெரிக்காவில் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்று இரண்டு பேர் செய்த ஆய்வு. 306 பேருக்கு ஒரு கார் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் ஓட்டுகிறாயோ அவ்வளவு புள்ளி, சிவப்பு வந்து சுவரில் மோதினால் போச்சு. சிலரைத் தனியாக ஆட விட்டார்கள், சிலருக்குப் பக்கத்தில் கூட்டாளிகள் இரண்டு பேரை வைத்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், கூட்டாளிகள் பார்க்கும்போது இரண்டு மடங்குக்கும் மேல் துணிந்தார்கள். 24 வயது தாண்டியவர்களிடம் பெரிய வித்தியாசமே இல்லை.

ஆக இந்த வயதில் கூட்டாளி தள்ளிவிட வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும். ஹாஸ்டலில் 24 மணி நேரமும் பக்கத்தில் இருப்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

நூலும்சேலையும் | திங்கள், காலை 6.15

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. ரத்தத்தில் இருப்பதுதான் வரும். எனக்கு இரண்டு பையன்கள், ஒரே வீடு, ஒரே பள்ளி, ஒரே டியூஷன். ஒருவன் ஆடிட்டர். இன்னொருவனைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

நாஞ்சில்_அம்மா | திங்கள், காலை 11.05

நூலும்சேலையும் சார், அந்த இன்னொரு மகன் ஒருவேளை இதைப் படித்தால்? சரி, விடுங்கள்.

நாங்கள் நாகர்கோவில். கல்யாணமாகி 16 வருஷமாகக் கோயம்புத்தூர். வீட்டில் நானும் அவரும் பேசுவது முழுக்க நாஞ்சில் தமிழ். மகள் மூன்று வயது வரை அதைத்தான் பேசினாள். எல்கேஜி போய் ஆறே மாதத்தில், "அக்கட்டால தள்ளி வையுங்கம்மா" என்றாள். இப்போது எட்டாம் வகுப்பு. அவளுக்கு என் பாஷை புரியும், வாயில் வராது. என் அம்மா போனில் பேசினால் கொங்குத் தமிழிலேயே "சொல்லுங்க ஆச்சி" என்று ஆரம்பிப்பாள். வேறு நாட்டில் குடியேறியவர்களின் பிள்ளைகள் அப்பா அம்மாவின் உச்சரிப்பை விட்டுத் தெருப் பிள்ளைகளின் உச்சரிப்பைப் பிடித்துக்கொள்வதைத்தான் ஜூடித் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1998இல் பெரிய ஆதாரமாகக் காட்டினார். பெற்றோர் வளர்ப்பை நாம் ரொம்பப் பெரிதாக நினைக்கிறோம், பிள்ளைகளை ஆக்குவது பிள்ளைகள்தான் என்பது அவர் கட்சி. என் மகளை வைத்துப் பார்த்தால் பாதி உண்மை.

மீதிப் பாதி என்ன தெரியுமா? போன மாதம் அவள் தோழி ஒருத்தி டிபன் பாக்ஸில் மீதம் வைத்ததைக் குப்பையில் கொட்டியிருக்கிறாள். இவள் அந்தப் பெண்ணைத் திட்டியதை அவளே வந்து சொன்னாள். வார்த்தை எல்லாம் கோயம்புத்தூர். ஆனால் இடுப்பில் கை வைத்து நின்றது, "ஒரு பருக்கை விளைய எத்தனை நாளாகும் தெரியுமா" என்று கேட்டது, அப்படியே நான். நான் என்றால், என் மாமியார்.

கரிசல்_அப்பா தம்பி, இன்னொன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அவனிடம் ஏதாவது தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் இருந்தீர்களா? 2013இல் ரோசெஸ்டர் என்ற ஊரில் 28 சின்னப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. முதலில் நல்ல கலர்ப் பென்சில், ஸ்டிக்கர் எல்லாம் கொண்டு வருகிறேன் என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போவார். பாதிப் பிள்ளைகளுக்குக் கொண்டு வந்தார், பாதிப் பேருக்குக் கையை விரித்தார். அப்புறம் மிட்டாயை முன்னால் வைத்து, "நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இன்னொன்று" என்றார். சொன்னதைச் செய்தவரை நம்பிய பிள்ளைகள் சராசரியாக 12 நிமிஷம் பொறுத்தன. ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிஷத்தில் தின்றுவிட்டன. அந்தப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று சொல்ல முடியுமா? சுதாரிப்பு என்றுதான் நான் சொல்வேன்.

கரிசல்_அப்பா | திங்கள், பகல் 1.30

அக்கா, எட்டாவதில் முதல் ரேங்க் எடுத்தால் சைக்கிள் என்றேன். எடுத்தான். அந்த வருடம் உளுந்து மழையில் போச்சு, ஊரே உரத்தைக் கடனுக்கு வாங்கிப் போனது. "அப்புறம் பாப்போம்" என்றேன். அதோடு சரி.

மூணாவது_பெஞ்ச் | திங்கள், இரவு 8.45

ஹாஸ்டல் பற்றிக் கேட்டீர்கள். பதினொன்று, பன்னிரண்டு இரண்டும் நாமக்கல் பக்கம் படித்தேன். பிராய்லர் கோழிப் பள்ளி என்று ஊரே சொல்லும் வகை. நல்ல மார்க் வாங்கினேன், இன்ஜினியர் ஆனேன், அந்த நன்றி இருக்கிறது. அதனால் குறை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

காலை 5 மணிக்கு மணி. இரவு 10 வரை படிப்பு. பதினோராம் வகுப்புப் பாடத்தை முக்கால்வாசி தொடவே இல்லை, ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம்தான். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்குப் போன். வரிசையில் நின்று, முறை வரும்போது 3 நிமிடம். பக்கத்திலேயே வார்டன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அம்மா "எப்படிப்பா இருக்க" என்பார். "நல்லா இருக்கேம்மா. சாப்பாடு நல்லாருக்கும்மா." குழம்பில் புழு கிடந்த அன்றும் அதே வசனம். காய்ச்சலில் படுத்திருந்த வாரமும் அதே.

எங்கள் அறையில் 16 பேர். எந்தக் கெட்ட நண்பனும் எனக்குப் பொய் சொல்லித் தரவில்லை. அதைக் கற்றது அந்த 3 நிமிடத்தில். இன்றைக்கும் அம்மாவிடம் போனில் பேசும்போது என் குரல் மாறிவிடுகிறது என்று மனைவி சொல்கிறாள். எனக்கு 34 வயது.

ஆனால் ஒன்று. அந்தப் பதினாறு பேரில் ஒருவன், காய்ச்சல் வாரத்தில் மெஸ்ஸிலிருந்து கஞ்சி கெஞ்சி வாங்கி வந்து கொடுத்தான். பிடிபட்டு முட்டி போட்டான். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நான் எழுந்து ஓடுகிறேனே, அது எங்கள் வீட்டிலிருந்து வரவில்லை. அவனிடமிருந்து வந்தது.

சாக்பீஸ் | செவ்வாய், மாலை 5.20

அரசுப் பள்ளியில் 31 வருடம் தமிழாசிரியர், அதில் 22 வருடம் தென்மாவட்டங்களில். இரண்டு வருடம் முன்பு ஓய்வு. இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், ஒருவரும் அந்தக் கயிற்றைக் கேட்கவில்லை.

தம்பி, நிறத்தை இங்கே எழுத வேண்டாம். எந்த நிறம் எந்தச் சாதி என்பது எங்கள் பக்கத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். என் மேசை டிராயரில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். காலை வழிபாடு முடிந்ததும் வரிசையாகக் கையை நீட்டச் சொல்லி வெட்டுவேன். மறுநாள் காலை ஒரு அப்பா வந்து நிற்பார். "அது சாமி கயிறு சார், எப்படி அறுக்கலாம்?" சாமி கயிறு எப்படி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே இரண்டு நிறத்தில் வந்தது என்று கேட்டால் பதில் வராது. கயிறு போனால் பொட்டு, பொட்டும் போனால் சட்டைக்குள்ளே பனியன் நிறம். நான் வெட்டிக்கொண்டே இருந்தேன், அவர்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

2019லேயே கயிறு பற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரி நடந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, கூடப் படித்த பையன்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் கூடாது, பிள்ளைகளை அகரவரிசையில் உட்காரவை, சாதி விவரம் வருகைப் பதிவேட்டில் தெரியக்கூடாது, ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராகப் போடாதே என்றெல்லாம் சொன்னது. நல்ல பரிந்துரைகள்தான். வெட்டுப்பட்ட அந்தப் பையன் மறு வருடம் பொதுத்தேர்வில் 600க்கு 469 எடுத்தான். வெட்டிய பையன்களும் ஏதோ ஒரு வாத்தியார் கையால் அ, ஆ எழுதியவர்கள்தானே? அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வராது.

நான் செய்ததில் பலித்தது ஒன்றுதான், வீட்டுக்குப் போனது. 1990களில் சைக்கிளில் போவேன். வருடத் தொடக்கத்திலேயே, புகார் எதுவும் இல்லாதபோதே போய்விட வேண்டும். அப்போதுதான் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியும். அமெரிக்காவில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962இல் ஏழைக் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒரு மழலையர் பள்ளி நடத்தினார்கள். 123 குழந்தைகளில் 58 பேரை அதில் சேர்த்தார்கள், மற்றவர்களைச் சேர்க்கவில்லை. சேர்த்த பிள்ளைகளுக்கு வந்த கூடுதல் ஐக்யூ சில வருடத்திலேயே கரைந்து போனது. ஆனால் 40 வயதில் பார்த்தால் வேலை, சம்பளம் எல்லாம் அவர்களுக்கு மேலாக இருந்தது, போலீஸ் பிடித்ததும் குறைவு. இதைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். அங்கே ஆசிரியை வாரம் ஒரு முறை ஒன்றரை மணி நேரம் குழந்தையின் வீட்டுக்கே போய் அம்மாவோடு உட்கார்ந்தார். பள்ளி வேறு, வீடு வேறு என்று அங்கே இல்லை.

தம்பி, நேரடியாகவே கேட்கிறேன். அந்தக் கயிற்றை அவன் கையில் கட்டியது யார்?

நூலும்சேலையும் | செவ்வாய், மாலை 6.00

பிள்ளை வளர்ப்பைப் பேச வந்த இடத்தில் எதற்கு சாதியை இழுக்கிறீர்கள்? இதுதான் வாத்தியார்கள் புத்தி.

சாக்பீஸ் | செவ்வாய், மாலை 6.10

நான் இழுக்கவில்லை ஐயா. அது பையன் கையில் இருக்கிறது.

ராக்கோழி | செவ்வாய், இரவு 11.30

சார் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. இன்னொரு பக்கம் சொல்கிறேன். ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தின ஒரு மாதத்தில் குடித்து வெறித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதம். "குடிக்காதே" என்று வகுப்பெடுத்துச் சாதிக்கவில்லை. விளையாட்டு, இசை என்று பிள்ளைகள் ஒன்றாகச் சேர இடம் கொடுத்தார்கள், அதற்கான கட்டணத்துக்குக் குடும்பங்களுக்குப் பணமும் கொடுத்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு 10க்கு மேல் வெளியே திரியக்கூடாது. அப்பா அம்மாக்கள் தங்களுக்குள் கூடி, எங்கள் வீட்டில் இதை அனுமதிக்க மாட்டோம் என்று ஒப்பந்தமே போட்டார்கள். கூட்டாளிகளைப் பிரிக்கவில்லை. கூட்டாளிகளின் அப்பா அம்மாக்களைச் சேர்த்தார்கள்.

விசில் | புதன், காலை 5.05

அந்த நாட்டு மொத்த ஜனமே நாலு லட்சம்கூட வராது தம்பி. ஆனாலும் கடைசியில் சொன்னது சரிதான். அண்ணாச்சி, அந்த நாலு பேர் யார், எந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியுமா? ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். டிப்போவுக்குக் கிளம்புகிறேன்.

கரிசல்_அப்பா | ஞாயிறு, இரவு 10.15

நாலு நாளாக எழுத மனசு வரவில்லை.

சாக்பீஸ் சார் கேட்டதைப் புதன் இரவு பையனிடம் கேட்டேன். அதட்டவில்லை. அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். "கொடைல சித்தப்பா கட்டுனாவ. நீங்க பக்கத்துலதானப்பா நின்னீங்க" என்றான். நின்றேன். கோயிலில் எங்கள் தெருப் பையன்கள் எல்லோருக்கும் தம்பி கட்டிவிட்டான். நான் சிரித்துக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தேன். அதே தம்பிதான் ஹாஸ்டலில் போடச் சொல்கிறவன்.

120 ரூபாய்க்கும் கணக்கு கிடைத்தது. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்தால் கடைசி அரசு பஸ் போய்விடுகிறது. பிரைவேட் வண்டியில் பாஸ் செல்லாது. பத்து ரூபாய் டிக்கெட், இரண்டு பேருக்கு, ஆறு நாள். இன்னொரு ஆள் யார் என்று கேட்டேன். பேர் சொல்லத் தயங்கினான். பக்கத்து ஊர், கீழத்தெரு. "சித்தப்பாட்ட சொல்லிறாதீங்க" என்றான். கையில் அந்தக் கயிற்றோடுதான் ஆறு நாளும் அவனுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நோட்டுக்கு நாளைக்குக் காசு தாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

கண்டக்டர் அண்ணன் பேச்சைக் கேட்டு நேற்று நாலு பேரையும் வரச் சொன்னேன். வந்தார்கள். வெள்ளந்திப் பிள்ளைகள். ஒருவன் உள்ளே வராமல் திண்ணையிலேயே நின்றான், யார் என்று கேட்காமலே தெரிந்தது. நான்தான் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வீட்டுக்காரி டீ போட்டாள். என் அம்மா தட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது நாலு சில்வர் டம்ளர், ஒரு பேப்பர் கப். கப் யாரிடம் போக வேண்டுமோ சரியாக அவனிடம் போனது.

அந்தப் பையன் வாங்கிக் குடித்தான். அவனுக்குப் பழக்கம்போல இருந்தது. என் மகன் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தானா, சொல்ல மாட்டேன் என்று தெரிந்து பார்த்தானா தெரியாது. நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

ஹாஸ்டலுக்குப் பணம் கட்டவில்லை. அம்மாவுக்கு 74 வயது, அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. பேப்பர் கப் பாக்கெட் அடுக்களை ஜன்னலில் இருக்கிறது. இன்னும் முப்பது கப் இருக்கும். காலையிலிருந்து அதைத் தூக்கி எறிய இரண்டு முறை போய்விட்டேன்.

விசில் | திங்கள், காலை 4.50

எறியாதீங்க அண்ணாச்சி. அடுத்த வாரமும் பசங்களை வரச் சொல்லுங்க. எல்லாருக்கும் அதிலேயே ஊத்துங்க, உங்களுக்கு, எனக்கு, ஆச்சிக்கும் சேர்த்து. எனக்கு ஞாயிறு ரெஸ்ட், நானும் வாரேன். தீர்ந்ததும் புதுசு வாங்காதீங்க.